நம்பர், ரேங்க், பெயர்

பட்டாளத்துக்காரர் வீட்டிலிருந்து யூனிட்டுக்குப் போன் போட்டால், எடுக்கிற ஜவான் கேட்கும் முதல் கேள்வி "நம்பர்?" என்பதுதான். வீட்டுக்காரரின் பெயரை மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. ஒரு பட்டாலியனில் நூற்றுக்கணக்கான பேர். அதில் குமார் நாலு பேர் இருப்பார்கள், செல்வம் மூன்று பேர் இருப்பார்கள். எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்த அந்த ஆர்மி நம்பரை, கடைசி எழுத்து உட்படச் சொன்னால்தான் எதிர்முனையில் பேச்சே தொடங்கும். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆன பிறகும் அந்த நம்பர் தெரியாத பெண்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருக்கும் இப்படிப்பட்ட ஊர்கள் வடமாவட்டங்களிலும் உண்டு, தெற்கே தேனி, ராமநாதபுரம் பக்கமும் உண்டு. அங்கே பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது புதிதல்ல. பிரசவத்துக்கு ஓடுவதும், பம்புசெட்டு கெட்டால் ஆள் பிடித்துக் கொடுப்பதும் காலங்காலமாக நடக்கிறது. ஆனால் ராணுவத்திடம் பேசுவது என்று வந்துவிட்டால், "அவர் லீவுல வரட்டும்" என்று எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். ஒரு ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் வருட விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. அதுவும் யூனிட்டின் நிலைமையைப் பொறுத்துத்தான். மீதி 275 நாளும் வீட்டின் குரல் அந்தப் பெண்ணுடைய குரல்தான். அது கேட்க வேண்டிய இடத்தில் கேட்க என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

காகிதத்தில் நீங்கள் இருக்கிறீர்களா

ராணுவத்தைப் பொறுத்தவரை ஒரு கல்யாணம் மண்டபத்தில் நடந்தால் நடந்ததாகாது. 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் வெளியாக வேண்டும். குழந்தை பிறந்தாலும் அப்படித்தான். அந்த உத்தரவு வராதவரை டிபெண்டன்ட் கார்டு, குவார்ட்டர்ஸ், ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை, படிப்புப் பணம் என எல்லாமே இழுபறிதான். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், 'இவர்தான் மனைவி' என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

கல்யாணமான கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 கொடுக்கும் கெடு 90 நாள்; கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பெரும்பாலான ஜவான்கள் லீவு முடிய நாலு நாள் இருக்கும்போதுதான் இதை நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு சாட்சியின் ஆதார் கிடைக்காது, இல்லை அன்றைக்குப் பார்த்து அரசு விடுமுறையாக இருக்கும். தாலி கட்டிய மறுவாரமே போய்விடுங்கள். சான்றிதழும் இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோவும் அவரோடு யூனிட்டுக்குப் போக வேண்டும். அவர் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டேன் என்பார். அத்தோடு விடாதீர்கள். பார்ட் டூ ஆர்டர் நம்பரும் தேதியும் ராணுவத்தின் 'ஹம்ராஸ்' செயலியில் அவருடைய கணக்கில் தெரியும். அந்தத் திரையைக் காட்டச் சொல்லி, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே 'கிண்ட்ரட் ரோல்' என்ற குடும்ப விவரப் பதிவில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கின்றன என்று அடுத்த லீவுக்குள் பார்த்து வரச் சொல்லுங்கள்.

எப்படி இருக்கின்றன என்பதில்தான் தமிழ்ப் பெண்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான் உண்டு. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல், வங்கியில் இனிஷியலை விரித்துப் பின்னால் போட்ட பெயர். யூனிட்டில் எழுதியவர் வடநாட்டுக்காரராக இருந்தால் லட்சுமியை எக்ஸ் எழுத்துப் போட்டு எழுதியிருப்பார், பின்னால் ஒரு 'தேவி'யைச் சேர்த்திருப்பார். ஒரே பெண் நாலு காகிதத்தில் நாலு பேராக இருப்பாள். உயிரோடு வேலையில் இருக்கும் கணவர் ஒரு விண்ணப்பம் எழுதினால் இது திருத்தப் பார்ட் டூ ஆர்டரில் முடிந்துவிடும். அவர் இல்லாத காலத்தில் இதே திருத்தத்துக்கு நோட்டரி உறுதிமொழி, தாசில்தாரின் வாரிசுச் சான்று, சில சமயம் கோர்ட் வரை போக வேண்டியிருக்கும். அதுவரை பென்ஷன் நிற்கும். ஆதாரில் உள்ள எழுத்துகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு பான், வங்கி, ராணுவப் பதிவு மூன்றையும் அதற்கு இழுத்துக் கொண்டுவாருங்கள். பிறந்த தேதிக்கும் இதே கதைதான்.

அடுத்தது நாமினி. இதைப் பேசத் தயங்காத வீடு நம் ஊரில் குறைவு. பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தபோது பையன் அம்மா பெயரை எழுதியிருப்பான், அதுதான் முறையும். கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்றுவதா வேண்டாமா என்பது மாமியார் மருமகள் சண்டையாக மாறிவிடுகிறது. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: குடும்ப ஓய்வூதியத்தில் முதல் உரிமை மனைவிக்கு, அது நாமினேஷனைப் பார்த்து வருவதில்லை. ஆனால் ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியான ஏ.ஜி.ஐ.எஃப்., சேமநல நிதியான ஏ.எஃப்.பி.பி. ஃபண்ட், வங்கிக் கணக்கு இவை எல்லாம் நாமினேஷனைப் பார்த்துத்தான் போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம். ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறாது. 'எல்லாம் மாத்திட்டேன்' என்று அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றை மட்டும்தான்.

எங்கள் கருத்து, மாமியாரை ஒதுக்கிவிட்டு இதைச் செய்யக் கூடாது. மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பியவர் அவர். நிதி, காப்பீடு போன்றவற்றில் பங்கு பிரித்து எழுத இடமுண்டு. அம்மாவுக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு என்று அவர் லீவில் இருக்கும்போது, மூவரும் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துவிடுங்கள். இழவு வீட்டில் வெடிக்கிற சண்டைகளில் பாதி, வாசல் திண்ணையில் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் வராமலே போயிருக்கும்.

போனில் பேசுவது எப்படி

போன் பண்ணும் முன் கையில் ஒரு சீட்டு இருக்கட்டும். நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி (பீரங்கிப் படை என்றால் பேட்டரி), யூனிட். இந்த வரிசையில்தான் ராணுவத்தில் சொல்வார்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். இந்தி தெரியாதது குற்றமில்லை. இரண்டு வாக்கியம் போதும்: "ஜெய் ஹிந்த் சாப், மைன் நாயக் இன்னார் கீ பத்னி போல் ரஹீ ஹூன். முஜே ஹிந்தி கம் ஆதீ ஹை, கிஸீ தமிழ் ஜவான் ஸே பாத் கராயியே." மதராஸ் ரெஜிமென்ட் என்றால் தமிழ் பேசும் ஆள் உடனே கிடைப்பார். 1758-இல் தொடங்கிய படை, வெலிங்டனில் தலைமையகம், தென்மாநிலத்துப் பிள்ளைகள் நிறைந்தது. பீரங்கிப் படையிலோ சிக்னல்ஸிலோ இருக்கும் வீட்டுக்காரருக்கு அப்படி இல்லை. அங்கேதான் இந்த இரண்டு வாக்கியம் கை கொடுக்கும்.

எடுத்தவரின் பெயர், ரேங்க், பேசிய நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். "நேத்து பேசினேன், பாக்கறேன்னு சொன்னாங்க" என்பதற்கும் "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஹவில்தார் இன்னாரிடம் பேசினேன்" என்பதற்கும் நிறைய வித்தியாசம். இரண்டாவதைச் சொல்கிறவரைத் தள்ளிவிட முடியாது.

போனில் தீராதது கடிதத்தில் தீரும். களத்தில் இருக்கும் யூனிட்டுக்கு ஊர்ப் பெயர் போடக் கூடாது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அதன் கீழே 'மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.', 9-இல் தொடங்கும் பின்கோடு. ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம்; 99 வடகிழக்குப் பக்கத்துக்கு. தனியார் கூரியர் இந்த முகவரிக்குப் போகாது. தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள். கமாண்டிங் ஆபீசருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் நீங்கள் யார், இரண்டாவதில் என்ன நடந்தது, மூன்றாவதில் என்ன வேண்டும். தமிழில் எழுதி, பள்ளிக்கூட வாத்தியாரிடமோ படித்த பிள்ளையிடமோ ஆங்கிலமாக்கி இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். மூன்றாவது பத்திதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. கஷ்டத்தை எல்லாம் எழுதிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

யூனிட்டைத் தாண்டி ஆவணங்கள் இருக்கும் இடம் ரெக்கார்ட் ஆபீஸ். மதராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், மின்-இயந்திரப் பொறியாளர் படையான இ.எம்.இ.க்குச் செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ, பாதுகாப்புக் காவல் படையான டி.எஸ்.சி.க்குக் கண்ணூர். உங்களுடையது எது என்று இன்றே எழுதி வையுங்கள்.

நில விவகாரம் தனி. ஆம்பளை ஊரில் இல்லை என்று தெரிந்தால் பங்காளி வரப்பை ஒரு முழம் தள்ளி வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து, மனு எண் வாங்குங்கள். அதன் நகலை யூனிட்டுக்கு அனுப்பினால் கமாண்டிங் ஆபீசர் ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் கடிதம் எழுதுவார். வெறும் வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுத முடியாது. பட்டா எண், சர்வே எண், மனு எண் மூன்றும் வேண்டும். வழக்கே போட்டுவிட்டார்கள், அவரோ எல்லையில் இருக்கிறார் என்றால், இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம், 1925 இருக்கிறது. விசேஷ நிலைமையில் பணியாற்றுவதால் வர இயலாது என்று ராணுவ அதிகாரி சான்று கொடுத்தால் கோர்ட் வழக்கைத் தள்ளி வைக்கும். ஊர் வக்கீல்களில் பலருக்கே இது நினைவில் இருக்காது. பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வெல்ஃபேர் மீட்டிங்கில்

குவார்ட்டர்ஸ் கிடைத்து யூனிட்டோடு போய்விட்டால் வேறு உலகம். மாதம் ஒரு முறை ஃபேமிலி வெல்ஃபேர் கூட்டம் நடக்கும். கமாண்டிங் ஆபீசரின் மனைவி தலைமை தாங்குவார். இந்த அமைப்பெல்லாம் 1966-இல் பதிவான ராணுவ மனைவியர் நலச் சங்கமான 'ஆவா'வின் கீழ் வரும். கோலப் போட்டி, தம்போலா, சமையல் போட்டி எல்லாம் முடிந்து கடைசியில் "கோயீ பாயின்ட்?" என்று கேட்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் ஜவான்களின் மனைவிகள் தலையைக் குனிந்துகொள்வதை எந்தக் கூட்டத்திலும் பார்க்கலாம். ஏதாவது சொன்னால் வீட்டுக்காரருக்குச் சிக்கல் வருமோ என்ற பயம். அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டோம். ஆனால் மனைவிக்கு ரேங்க் கிடையாது. சங்கத்தில் ஆபீசர் மனைவியும் சிப்பாய் மனைவியும் உறுப்பினர்கள்தான்.

பயத்தைத் தாண்ட ஒரு வழி, தனியாகப் பேசாமல் இருப்பது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒரே பிளாக்கில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து எது பொதுப் பிரச்சினை என்று முடிவு செய்யுங்கள். "என் வீட்டுல தண்ணி வரல" என்றால் அது ஒருவரின் புகார். "பி பிளாக் மேல் மாடி பன்னிரண்டு வீட்டுக்கும் காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீர் ஏறுவதில்லை, மூன்று வாரமாக" என்றால் அது 'பாயின்ட்'. மினிட்ஸில் ஏறும், அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். கணவர்களின் டியூட்டி, தண்டனை, பதவி உயர்வு இவற்றை அந்தக் கூட்டத்தில் எழுப்பாதீர்கள். அதற்கு அவருக்கே, கமாண்டிங் ஆபீசர் ஜவான்களைக் கூட்டிப் பேசும் சைனிக் சம்மேளனும் நேர்முகமும் இருக்கின்றன. மருத்துவமனை ஓ.பி. நேரம், ஸ்கூல் பஸ், தெருவிளக்கு, மகளிர் மருத்துவர் வரும் நாள் ஆகியவை உங்கள் விஷயங்கள். இந்தி சரளமாகப் பேசும் ஒருவர் வாயாக இருக்கட்டும். ஆனால் மாதத்துக்கு ஒருவர் என்று மாற்றுங்கள். ஒருவரே பேசினால் அவர் 'வாயாடி' ஆகிவிடுவார், மற்றவர்கள் ஊமையாகவே இருந்துவிடுவார்கள்.

படிப்புப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூத்த இரண்டு குழந்தைகளுக்கு, 12-ஆம் வகுப்பு வரை, ஒரு குழந்தைக்கு மாதம் 2,250 ரூபாயாக இருந்தது 2024 ஜனவரியிலிருந்து 2,812 ரூபாய் 50 காசு. பள்ளித் தலைமையாசிரியரின் சான்று ஒன்றே முக்கிய ஆவணம். பிள்ளை ஊரில் தாத்தா வீட்டிலிருந்து படித்தாலும் உண்டு. கல்வியாண்டு முடிந்த ஏப்ரல், மேயிலேயே சான்று வாங்கி அனுப்பிவிட வேண்டியது உங்கள் வேலை. பள்ளி மாறினால் பழைய பள்ளியின் சான்றை டி.சி. வாங்கும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஊரில் ஒரு குழு

சுய உதவிக் குழு நமக்குப் பழகிய விஷயம். 1989-இல் தருமபுரியில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. தீர்மான நோட்டு எழுதவும், வங்கி மேனேஜர் முன் உட்கார்ந்து பேசவும் அது ஒரு தலைமுறைப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அதே பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் போதும். பட்டாளத்துக் குடும்பம் எட்டு இருந்தாலும் சரி, பன்னிரண்டு இருந்தாலும் சரி, மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒன்றரை மணி நேரம். பணியில் இருப்பவர்களின் மனைவியர், ஓய்வு பெற்றவர்களின் மனைவியர், கணவரை இழந்தவர்கள் மூன்று வகையினரும் வேண்டும். மூன்றாவது வகையினரைச் 'சகுனம்' பார்த்து விலக்கி வைக்கும் குழு குழுவே அல்ல. காகித அலைச்சலில் அவர்களுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு வேலை. ஒரு மாதம் எல்லாரும் ஆதார், பான், பாஸ்புக் கொண்டுவந்து பெயர் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்த மாதம் நாமினி. அதற்கடுத்து போனில் பேசிப் பழகுவது: ஒருவர் யூனிட் எக்ஸ்சேஞ்ச், ஒருவர் மனைவி. விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் நாலு முறை பேசிப் பார்த்தவருக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் நா குழறாது. நாலு கூட்டத்துக்கு ஒரு முறை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள். பணியில் இருப்பவர்களின் குடும்பத்தையும் அந்த அலுவலகம் கவனிக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

வாட்ஸாப் குழு வேண்டும்தான், கட்டுப்பாட்டோடு. யூனிட் இருக்கும் இடம், கிளம்பும் தேதி, ரயில் நம்பர், சீருடைப் படம் எதுவும் போடக் கூடாது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவிட்டதே இந்தக் கசிவுக்குப் பயந்துதான். அவர் வாய் திறக்காமல் இருந்து, "அவர் நாளைக்கு லடாக் போறார்" என்று நீங்கள் போட்டால் அது அவரே சொன்ன மாதிரிதான். 'ரெக்கார்ட் ஆபீசிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று வரும் அழைப்புகளைக் கேட்ட உடனே குழுவில் எச்சரியுங்கள். எந்த ராணுவ அலுவலகமும் ஓ.டி.பி. கேட்காது. குறி வைக்கப்படுவது பெரும்பாலும் பென்ஷன் வாங்கும் வயதான அம்மாக்கள்.

வீட்டுக்குள் நடப்பதும் குழுவின் விஷயம்தான். பணம் அனுப்பாத கணவர், லீவில் வந்து அடிக்கும் கணவர் என்று உண்டு. பட்டாளத்துக்காரர் என்ற மரியாதை ஊரில் இருப்பதாலேயே அந்தப் பெண்ணின் சொல் எடுபடாமல் போகிறது. ராணுவச் சட்டம், 1950-இன் 91-ஆம் பிரிவின்படி மனைவி, குழந்தைகளின் பராமரிப்புக்காக ஜவானின் சம்பளத்தில் பிடித்தம் செய்து நேரடியாக அனுப்ப வழியுண்டு. கமாண்டிங் ஆபீசருக்கு விண்ணப்பம், திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, கடைசியாகப் பணம் வந்ததைக் காட்டும் பாஸ்புக் பக்கம். அவரிடம் விளக்கம் கேட்பார்கள், பிறகு மேலதிகாரி உத்தரவிடுவார்; மாதங்கள் ஆகும். கோர்ட்டுக்குப் போகும் உரிமை அதனால் போய்விடாது. அடி விழுகிற வீட்டில் மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. மகளிர் உதவி எண்ணான 181-ஐ அழைக்க வேண்டும். மனம் உடைந்து தூக்கம் இல்லாமல் கிடப்பவருக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸின் 14416 இருக்கிறது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதல் முறை டயல் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

டி.வி.யில் செய்தி ஓடும் இரவு

'தமிழக வீரர்' என்று மட்டும் கீழே எழுத்து ஓடும். பெயர் வராது. அந்த நேரத்தில் பட்டாளத்துக் குடும்பம் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு நின்றுவிடும். அப்போது குழு என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். எங்களுக்குச் சரியென்று படுவது இது: வாட்ஸாப்பில் யாரும் எதையும் போடக் கூடாது. யூகம், 'எந்த யூனிட்னு தெரியுமா', படம் எதுவும் வேண்டாம். யாரும் யூனிட்டுக்குத் தனித்தனியாகப் போன் போடக் கூடாது; எல்லாரும் போட்டால் லைன் கிடைக்காது. எந்தப் பகுதியில் கணவர் இருக்கிறாரோ அந்தப் பெண்ணின் வீட்டுக்கு இரண்டு பேர் நேரில் போய், எதுவும் சொல்லாமல், கூட இருக்க வேண்டும். டி.வி.யை அணைத்துவிடுங்கள். உறுதியான தகவல் யூனிட்டிலிருந்தோ, காவல் நிலையம், மாவட்ட அலுவலகம் வழியாகவோ வீட்டுக்கு வரும். பத்திரிகைக்காரர் முதலில் வந்துவிட்டால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

வந்தது அந்தச் செய்தியே என்றால், அடுத்த சில வாரங்களில் நடப்பதுதான் அந்தப் பெண்ணின் மீதி வாழ்க்கையைத் தீர்மானிக்கும். தேசியக்கொடியை அவர் கையில் கொடுப்பார்கள். அதைச் சுற்றி எல்லாரும் பேசுவார்கள், அவரைத் தவிர. கொழுந்தனார் கையெழுத்துக் கேட்பார், அண்ணன் கேட்பார், தெரியாத ஒருவர் 'எல்லாம் முடிச்சுத் தரேன்' என்பார். குழுவில் ஒருவர் அவருடைய போனை வைத்துக்கொள்ளட்டும், ஒருவர் ஆவணக் கோப்பை. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கூடாது. படித்துக் காட்டாத எதிலும் கூடாது. அசல் ஆவணம் கையை விட்டுப் போகக் கூடாது, நகல் மட்டும். அவருக்குச் சடங்கு செய்து பூவையும் வளையலையும் பிடுங்க வரும்போது, அவருக்கு விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சத்தமாகச் சொல்ல ஊரில் நாலு பெண்கள் இருக்க வேண்டும். அவரால் அன்றைக்குச் சொல்ல முடியாது.

காகிதத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: மரணத்தை எந்த வகையில் பதிவு செய்திருக்கிறார்கள்? பணியோடு தொடர்பில்லாத மரணம் என்றால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். முதல் பத்து வருடத்துக்கு மட்டும் 50. பணியால் நேர்ந்தது என்றால் சிறப்பு ஓய்வூதியம், 60. போர், பயங்கரவாதிகளோடு மோதல் போன்றவற்றில் என்றால் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம், 100. முப்பதுக்கும் நூறுக்கும் உள்ள இந்த வித்தியாசம் விசாரணை அறிக்கையின் ஓரிரு வரிகளில் இருக்கிறது. விபத்து என்றால் விசாரணை நடந்ததா, அதன் நகல் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். விடுப்பில் ஊருக்கு வரும் வழியில் நடந்ததென்றால் லீவ் சர்ட்டிபிகேட்டும் ரயில் டிக்கெட்டும் அவர் பையிலிருந்து தொலையாமல் எடுத்து வையுங்கள். வகை தவறாகத் தெரிந்தால் மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு. அதற்கும் மேலே ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. மறுமணம் செய்தால் எல்லாம் போய்விடும் என்று மிரட்டுவார்கள். வகைக்கு வகை விதி வேறு. ரெக்கார்ட் ஆபீசிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள், ஊர்ப்பேச்சை நம்பி ஓர் இளம்பெண் தன் வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டாம்.

2022-க்குப் பிறகு அக்னிவீரராகப் போன பையன்களின் வீட்டில் குழுவுக்கு வர வேண்டியவர் அம்மா. நாலு வருடப் பணி. அதில் பென்ஷன் கிடையாது. காப்பீடு 48 லட்சம். அங்கே நாமினேஷன் இன்னும் கனமான விஷயம். அந்த அம்மாக்களுக்கும் நம்பர், ரேங்க், பெயர் சீட்டு எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டி வையுங்கள்.

பதினேழு, இருபது வருடம் கழித்து அவர் பெட்டியோடு ஊருக்கு வரும்போது ஆவணக் கோப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' இணையதளம் வழியாக வருகிறது. அதில் உங்கள் பெயர், பிறந்த தேதி, ஆதார் சரியாக இருக்கின்றனவா என்று ஓய்வூதிய உத்தரவான பி.பி.ஓ. கையில் வந்த வாரமே பாருங்கள். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். வருடாந்தர அடையாளச் சரிபார்ப்புக்கு அவர் பொதுச் சேவை மையத்துக்குப் போகும்போது நீங்களும் கூடப் போய், எந்த மேசையில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.